ஈரமட்டைப் புகை

தம்பி,

நேற்றுப் பின்னேரம் என் கைக்கு ஒரு புகையிலைக் கட்டு வந்து சேர்ந்தது. பழைய பேப்பரில் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. பல்லால்தான் முடிச்சை அவிழ்த்தேன். இங்கே மொன்றியல் கடைகளில் டப்பாவில் விற்கிற புகையிலைக்கு நிறம் இருக்கும், மணம் இருக்காது. இது அப்படியில்லை. மண்சுவர்க் குடிலுக்குள் வரிசையாகத் தொங்கி, கீழே மூட்டிய தேங்காய்ப் பொச்சுமட்டையின் புகையைக் குடித்துக் குடித்துக் கறுத்த எங்கள் ஊர் இலை. அதை மூக்கருகே கொண்டுபோனேன், தம்பி. எங்கேயோ பக்கத்தில் நீ இருமினாய்.

பள்ளிக்கூடத்தால் வந்த பேத்தி வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, ஆர் வீட்டுக்குள்ள சிகரெட் பத்தினது?"

"உன்ர அம்மாவுக்கு மாமா முறை. இப்பதான் வந்திட்டுப் போறார்."

அறையறையாக எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு விளங்காத பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தபடி யன்னலைத் திறந்தாள். பனிக்காற்று உள்ளே அடித்தது. நான் கட்டை மடியில் வைத்து முந்தானையால் மூடினேன்.

கொண்டுவந்து தந்தவன் யாரென்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் உனக்கு விளங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும். ஆனால் நடந்ததில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. மறப்பது எனக்கு வராது என்று நீதானே பகிடி பண்ணுவாய்.

நீ முதன்முதல் எங்கள் வளவுக்குள் வந்தது சைக்கிளுக்குக் காற்றுப் போனதால். "அக்கா, பம் இருக்கோ?" என்று படலையில் நின்றாய். உன் அத்தான் வெங்காயம் பிடுங்கிய மண்கையோடு வந்து உன்னை மேலும் கீழும் பார்த்தார். "பம் இருக்கு. பொலிசும் பின்னால வருகுதோ?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பில் அந்த மனிதரும் சிரித்துவிட்டார். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதும், இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறவன் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. கடல் கடந்து அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பியபோது உன் முகத்தில் தாடி, தோளில் துவக்கு, பின்னால் முப்பது பெடியன்கள். ஊர் உன்னை அண்ணை என்றது. உன் ஆட்கள் தோழர் என்றார்கள். எனக்கு நீ காற்றுப்போன சைக்கிளோடு நின்ற தம்பிதான்.

அந்த முப்பது பேரில் பாதிப்பேர் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது என்று ஊர் தள்ளிவைத்திருந்த சாதி. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டுமென்றேதான் எங்கள் வளவுக்குக் கூட்டி வந்தாய்.

"அக்கா, பெடியளுக்குத் தண்ணி விடாய். அவங்களே அள்ளட்டோ?"

"வேண்டாம். நான் அள்ளி ஊத்திறன்."

"முப்பது பேர். கை நோகும்."

"நோகட்டும்."

நீ வேலியோரம் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் விடவில்லை. துலாவை இழுத்து இழுத்து ஊற்றினேன். ஒருத்தன் குடித்து முடிய அடுத்தவன் கையை ஏந்தினான். கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு, "அள்ளிக் குடியுங்கோடா" என்று சொல்லிக் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"இதுதான் அக்கா சமதர்மம்" என்றாய்.

"இது சமதர்மம் இல்லை, நாரிப்பிடிப்பு" என்றேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அதை நீ எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பாய்! அடுத்த ஊர்ச் சனம்கூட என்னைக் கண்டால், "நாரி எப்பிடி அக்கா?" என்று கேட்கும். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தக் கிணற்றில் யார் அள்ளுகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. அதை நீதான் செய்தாய். ஒரு துவக்கைக் காட்டாமல் செய்தாய்.

துவக்கைக் காட்டிச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். நீ போய்விட்டாய் என்பதற்காக அதை விட்டுவிட மாட்டேன்.

மார்க்கண்டு எங்கள் குடிலில் புகை போடுகிறவன். மூக்குப்பொடி போடுவான், எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவான், ஒருவருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவன். இராணுவ முகாம் வாசலில் நின்று கதைத்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள். கதைத்தான்தான். அங்கே காவலுக்கு நின்றவர்களுக்குப் புகையிலைத் துண்டு விற்றான். ஒருநாள் காலை சந்தியில் லைட் போஸ்டோடு கட்டிச் சுடப்பட்டுக் கிடந்தான், கழுத்தில் 'துரோகி' என்று எழுதின அட்டை தொங்கியது. நான் தலைமயிரைக்கூட முடியாமல் உன்னிடம் வந்தேன்.

"ஆரைக் கேட்டுச் செய்தனி?"

"இயக்கத்தின்ர முடிவு, அக்கா."

"இயக்கத்துக்கு வாய் இருக்கோ? உன்ர வாயால சொல்லு."

நீ நிலத்தைப் பார்த்தாய். "என்ர முடிவுதான்" என்றாய்.

அன்றிலிருந்து என் கையால் உனக்குத் தேத்தண்ணி இல்லை. உன் பெடியன்கள் வந்தால் சோறு போட்டேன். நீ வந்தால் உள்ளே போய்விடுவேன். நீ உன் பாட்டில் கிணற்றடிக்குப் போய் அள்ளிக் குடித்துவிட்டு, மாமரத்தின் கீழ் இருந்து பேப்பர் பார்ப்பாய். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை, சமாதானம் சொல்லவும் வரவில்லை. அதனால்தான் உன்னை முழுதாக வெறுக்க என்னால் முடியவில்லை.

பிறகு இயக்கமே இயக்கத்தை வேட்டையாடியது. மற்ற இயக்கம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. உங்களைத் தடை செய்தாயிற்று, ஆயுதத்தோடு சரணடையுங்கள், ஒளித்துவைத்திருக்கிற வீடுகளுக்கும் அதே தண்டனைதான் என்று சொன்னார்கள். உன் பெடியன்களைக் கண்ட இடத்தில் சுட்டார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் குடித்த பிள்ளைகள், தம்பி. நீ மிஞ்சியவர்களைத் துவக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடச் சொன்னாயாம். விடிகிற நேரம் பனங்காணிப் பக்கத்தால் வேலியைப் பிரித்துக்கொண்டு நீ மட்டும் வந்தாய்.

"அக்கா, தேத்தண்ணி வேண்டாம். இருக்க ஒரு இடம் தந்தால் போதும்" என்றாய்.

அப்போதும் பகிடி. நான் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி ஊற்றினேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய்.

குடிலைத் தவிர வேறு இடமில்லை. அது சித்திரை மாதம், இலை தொங்குகிற காலம். புகை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊரே கேட்கும். வந்தால் உள்ளே ஆள் இருக்க முடியாது. அதனால் ஒரு மூலையில் காய்ந்த மட்டையாகப் போட்டு மெல்லிய புகை வைத்தேன். மற்ற மூலையில், அகழான் எலி தோண்டிய பொந்து ஒன்று சுவரடியில் இருந்தது. அந்தப் பொந்துக்கு மூக்கை வைத்து, நனைத்த சாக்கின் மேல் நீ படுத்தாய்.

"என்ன வந்தாலும் இருமிப் போடாதை" என்றேன்.

"வாய் திறக்காமல் இருக்கப் பழக்கினதுதானே அக்கா எங்கட இயக்கம்" என்றாய்.

அவர்கள் வந்தது உச்சிவெயிலில். உன் அத்தான் சந்தைக்குப் போயிருந்தார். ஒழுங்கை முடக்கில் சைக்கிள்கள் திரும்புவதைக் கண்டதும், பொந்து வெளியே தெரியக்கூடாதென்று ஒரு முருகைக்கல்லை உருட்டி அதன் வாயில் வைத்தேன். உன் மூச்சை அடைக்கிறேன் என்று தெரிந்துதான் வைத்தேன், வேறு வழியில்லை. நாலைந்து பேர், எல்லாரும் மீசை அரும்பின பெடியன்கள்.

"அம்மா, ஆரும் இஞ்ச வந்தவையோ?"

"எனக்கெண்டு வந்தவர் ஒருத்தர்தான். அவரும் வெங்காயம் விக்கப் போட்டார்."

வைக்கோல் போரைக் கம்பியால் குத்தினார்கள். அரிசிப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும் குடிலையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த ஊர்ப் புகையிலைக்காரர் செல்லத்துரையின் மகன். அவன் பேரை என் வாய் சொல்லாது, நீயும் கேட்காதே.

"என்ன புகை இது அம்மா? காய்ஞ்ச மட்டை போட்டு இலையை அவிக்கிறியளோ?"

புகையிலை வீட்டில் பிறந்தவனுக்கு அது போதும். புகை போடுகிறவன் எவனும் மட்டையை நனைக்காமல் மூட்ட மாட்டான். அவன் கிணற்றடியில் ஊறிக்கிடந்த மட்டைகளை அணைத்து அள்ளிக்கொண்டு போனான். குடில் கதவைத் திறந்து நெருப்பில் எறிந்தான். கதவைச் சாத்தித் தடியும் போட்டான். கொஞ்ச நேரத்தில் கூரையெல்லாம் மஞ்சள் புகை பிதுங்கியது.

"உள்ள துரோகி ஆரும் இருந்தால் வெடிச்சுச் செத்திடுவான்" என்று இன்னொருத்தன் சிரித்தான்.

"மனிசன் என்ன, எலிகூட மிஞ்சாது" என்று செல்லத்துரையின் மகன் சொல்லிவிட்டு, துவக்கோடு குடிலை ஒரு சுற்றுச் சுற்றினான்.

நீ இருமினால் கேட்கக்கூடாதே என்று நான் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினேன். "உன்ர கொப்பன் எங்கட எல்லைக் கதியாலைத் தள்ளி நட்டவன்! அந்தக் கள்ளன்ர பிள்ளைக்கு என்ர குடில் கேக்குதோ? உங்கட வீட்டில ஒருத்தருக்கும் வெக்கமே இல்லையோ?" எல்லைச் சண்டை, செக்குச் சண்டை, அவன் பாட்டன் எங்கள் மாட்டைக் கட்டிவைத்த கதை என்று மூன்று தலைமுறைக் கணக்கையும் இழுத்தேன். பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சான், வாடா போவம், மனிசி உன்னைக் கடிக்கப் போகுது" என்று அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்தேன். தவழ்ந்து வந்தாய். கண்ணிரண்டும் இரத்தமாய்ச் சிவந்திருந்தன. நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினாய். தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் மூச்சு வந்ததும் நீ கேட்டது இதுதான்:

"கல்லை எடுத்தது ஆர், அக்கா?"

"நானில்லை. நான் முன்னுக்கு நிண்டனான். கடவுள்தான் எடுத்திருப்பார்."

"கடவுள் நீலவார்ச் செருப்புப் போட்டிருந்தார்" என்றாய்.

புகை தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தேன். போய்ப் பார்த்தபோது கல் ஒரு சாண் தள்ளித்தான் கிடந்தது. அவசரத்தில் நான்தான் சரியாக வைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நீ சொன்னது இன்னொன்றும் இருக்கிறது. "மார்க்கண்டுவையும் நாங்கள் உந்தச் சொல்லாலதான் கூப்பிட்டனாங்கள். உள்ளுக்குக் கிடந்து கேக்கேக்கதான் தெரியுது, அக்கா."

"அவனுக்கு இனி ஒண்டும் கேக்காது" என்றேன்.

உன் அத்தான் உன்னைச் சாணி வண்டிலில் மறைத்துக் கரைக்குக் கொண்டுபோய் வள்ளம் ஏற்றிவிட்டார். அந்த இருமல் உன்னோடே அக்கரைக்கு வந்தது. சென்னையில் உன்னைக் கண்டு வந்தவர்கள் சொன்னார்கள், நீ படுத்து உறங்குவதில்லையாம், சுவரில் சாய்ந்து இருந்தபடிதானாம். இரண்டு வருடம் கழித்து நீ கிழக்குக் கரையில் இறங்கினாய் என்று கேள்விப்பட்டோம். பிறகு செத்தாய் என்று கேள்விப்பட்டோம். எந்தப் பக்கத்துச் சூடு என்பதில் இரண்டு கதை. எப்படி என்பதில் ஒரே கதைதான். தேடி வந்தவர்கள் உன்னைக் காணாமல் கடந்து போய்விட்டார்களாம். பற்றைக்குள் கிடந்த நீ இருமினாயாம்.

உடல் வரவில்லை. எட்டாம் நாள் சடங்குமில்லை, அந்தியேட்டியுமில்லை. உன் பேரைச் சொல்லி அழக்கூட ஊரில் பயம். நான் அடுப்படியில் ஈரமட்டையை வைத்து ஊதி, புகையில் கண் எரிகிற சாட்டில் அழுதேன்.

இப்போது உனக்கு விளங்கும், செல்லத்துரையின் மகனை நான் ஏன் இத்தனை வருடமாகக் கொலைகாரன் என்று சொன்னேன் என்று.

மகள் கூப்பிட்டு நான் இங்கே வந்து கோயிலுக்குப் போன முதல் வெள்ளிக்கிழமையே அவனைக் கண்டேன். தலை நரைத்து, தொந்தி வைத்து, அன்னதானத்தில் அகப்பையோடு நிற்கிறான்! டவுன்டவுனில் ஏதோ சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலையாம். "வாங்கோ அம்மா" என்று சோற்றை நீட்டினான். நான் தட்டைத் திருப்பிப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினேன். ஒவ்வொரு திருவிழாவிலும் அப்படித்தான். சனம் பார்க்கும், கதைக்கும். கதைக்கட்டும். அவன் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த அழைப்புக் கார்ட்டைப் பிரிக்காமல் போட்டேன். அவன் தாய் ஊரில் செத்துப்போனாள் என்று கேட்டபோதும் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. செத்தவீட்டுக்குப் போகாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை, தம்பி. உனக்காகப் போகவில்லை.

நேற்று மணி அடித்தது. இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி வீட்டுக்கு அந்த நேரத்தில் ஒருவரும் வருவதில்லை. கதவைத் திறந்தால் அவன். சண்டை நிறுத்தத்தில் ஊருக்குப் போகிற பாதை திறந்திருந்தபடியால் தாயின் அந்தியேட்டிக்குப் போய்வந்தவன், கையில் இந்தக் கட்டு.

"எங்கட அம்மா தந்துவிடச் சொன்னவ. எங்கட குடில் இலை."

"உங்கட குடில் இலை எனக்கு வேண்டாம்."

"தெரியும். ஒரு கதை சொல்லிப்போட்டுப் போறன். இதிலேயே நிண்டு சொல்லுறன்."

வாசல் மிதியடியில் பனி உருகி ஒழுக நின்றபடி சொன்னான். உள்ளே ஆள் இருப்பது புகையைக் கண்டதுமே தனக்குத் தெரிந்ததாம். மற்றவர்கள் குடிலுக்குள் போகத் தயாராய் நின்றார்களாம். "மெல்லிய புகைக்குள்ள அவங்கள் போயிருப்பாங்கள் அம்மா. ஒருத்தரும் போகேலாதமாதிரிச் செய்யோணும் எண்டுதான் ஈரமட்டை போட்டனான். பின்பக்கம் சுத்தி வந்தா சுவரடியில ஒரு கல், கீழ புல்லு நசிஞ்சு பச்சையாக் கிடந்தது, இப்பதான் உருட்டி வச்சதெண்டு விளங்கீட்டுது. காலால தள்ளினன்."

"காலில என்ன போட்டிருந்தனி?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். "செருப்பு."

"என்ன நிறம்?"

"ரப்பர் செருப்பு... நீல வார். ஏன் அம்மா?"

நீ சொன்னதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, உன் அத்தானுக்குக்கூட. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் விட்டனி?"

"தெரியாது. ஒரு மூக்கு மட்டும்தான் தெரிஞ்சது. மூக்கைச் சுட மனம் வரேல்லை."

"இவ்வளவு காலமும் வாய்க்குள்ள என்ன வச்சிருந்தனி? என்னட்டச் சொல்லுறதுக்கென்ன?"

"ஆரிட்டச் சொல்லுறது? இஞ்சயும் சனம் பக்கம் பக்கமாத்தானே இருக்கு. எங்கட அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சாகிறதுக்கு முன்னம் போனில, அந்த மனிசியிட்டப் போய்ச் சொல்லெண்டவ. நீங்கள் என்ர கையால சோறு வாங்காமப் போறியளெண்டு கவலைப்பட்டவ."

பிறகு அவன் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டான். இதைக் கேட்கத்தான் வந்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. "கல்லைத் தள்ளேக்க உள்ளுக்கு இருமல் கேட்டது. நீங்கள் கத்தினபடியால் மற்றவங்களுக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது. கொஞ்ச மட்டை போட்டிருக்கலாம், நான் கூடப் போட்டிட்டன். அந்த இருமல் பேந்து மாறினதோ, அம்மா?"

உன் சாவு பற்றிய அந்தக் கதை அவன் காதுக்கு எட்டவில்லை, தம்பி. அவனுக்குச் சொல்லுகிற ஆள் நான் ஒருத்திதான். 'நீ குடுத்த இருமலாலதான் அவன் செத்தவன்' என்ற வசனத்தை அவன் முகத்தில் எறியத்தான் இத்தனை வருடமாகக் காத்திருந்தேன். நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"மாறீட்டுது" என்றேன். "தூதுவளை அவிச்சுக் குடுத்தன். ரெண்டு கிழமையில மாறீட்டுது. போகேக்க நல்லாத்தான் போனவன்."

அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். நரைத்த தலையோடு ஒரு ஆண்பிள்ளை என் வாசலில் நின்று அழுவதை அயலவர்கள் பார்க்கக்கூடாதென்று, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா" என்றேன். தேத்தண்ணி ஊற்றினேன். அவனும் இரண்டு கையாலும்தான் பிடித்துக் குடித்தான். வாசலில் அவன் கறுப்புச் சப்பாத்து தண்ணீர் வடித்துக்கொண்டு கிடந்தது. உன் கடவுளுடையது. ஹீற்றர் பக்கமாகத் தள்ளி வைத்தேன். கையால் அல்ல, காலால்தான். உடனே எல்லாம் மாறிவிடுமா?

மார்க்கண்டுவின் கணக்கை நான் இன்னும் உன்மேல்தான் வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து அது கூடியிருக்கிறது. உனக்கு ஒரு கல்லைத் தள்ள எதிரியின் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். அந்த இரவு மார்க்கண்டுவைக் கட்டிய கயிற்றைக் கொஞ்சம் இளக்கிவிட உன் முப்பது பேரில் ஒருத்தனும் இருக்கவில்லை. நீயும் இருக்கவில்லை. அங்கே அவனைக் கண்டால் இதை நீயே அவனிடம் சொல். நான் வரும்போது சொன்னாயா என்று கேட்பேன்.

செல்லத்துரையின் மகனுக்கு நான் சொன்னது பொய்தான். என் வாழ்நாளில் பகையாளி ஒருத்தனுக்கு நல்லதாய்ச் சொன்ன ஒரே பொய். அவன் அதை நம்பிக்கொண்டு போயிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை அவன் அகப்பைக்கு முன்னால் நான் தட்டை நீட்டுவேன். அப்போது பக்கத்தில் நின்று, அன்றைக்குப் போலவே மூச்சைப் பிடித்துக்கொள், தம்பி. இருமிப் போடாதே.